அத்தைக்கு, கத்திரிக்காய் விஷயமாக

மரியாதைக்குரிய அத்தைக்கு மூத்த மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகளும் உயிரோடு இருக்கிறோம். அங்கே சின்ன மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பார்கள். உங்கள் கையால் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன குறைச்சல்?

நீங்கள் கோபித்துக்கொண்டு போய் இன்றோடு பத்தொன்பது நாள். நடந்தது என்ன? டாக்டர் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "காய்கறியா சாப்பிடுங்க, கறி மாசத்துக்கு ரெண்டு தடவை போதும்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஆறு மாதம் கீரையும் பருப்பும் கத்திரிக்காயுமாகப் போட்டீர்கள். அன்றைக்கு டிரைவிங் ஸ்கூலில் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு அம்மாள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்து, காரைக் காய்கறிக் கடைக்குள்ளேயே விட்டுவிட்டார். மடியில் விழுந்த முட்டைக்கோஸோடு வீட்டுக்கு வந்தால் தட்டிலும் முட்டைக்கோஸ். "இது வீடா, மாட்டுத்தொழுவமா?" என்று கேட்டுவிட்டேன். வீட்டைத்தான் சொன்னேனே தவிர உங்களைச் சொல்லவில்லை. நீங்களோ, "அப்போ நான் புல்லு போடுறவளா?" என்று பெட்டியைத் தூக்கிவிட்டீர்கள்.

மறுநாள் நான், "இனிமே தினமும் கறிதான்" என்று உங்கள் மகளிடம் சொன்னேன். "அம்மாதான் போயிருக்காங்க, டாக்டர் போகலை" என்றாள். சரியென்று நானே சமையலறைக்குள் போனேன். கீரையை ஒரே தடவைதான் அலசினேன், அதனால சாப்பிடும்போது ரோடு போடுற மாதிரி நறநறன்னு சத்தம், பருப்பு குக்கர் மூடியோட மேலே போச்சு, மூடி மட்டும் இறங்கிடுச்சு, பருப்பு இன்னும் விட்டத்துலதான் இருக்கு, கத்திரிக்காயைக் கருக்கி, அதைக் கழுவி, மறுபடி வதக்கினேன். "அம்மா இதுல என்ன போடுவாங்க?"ன்னு அவ கேட்டா. எனக்குத் தெரியலை. ஆறு மாசம் தின்னிருக்கேன், ஒருநாள் கேட்டதில்லை.

போன ஞாயிறு கறி நாள். விரலை மடக்கி மடக்கிக் காத்திருந்த நாள். கறிக்கடைக்காரர், "என்ன சார், வெளியூர் போயிட்டீங்களா?"ன்னு விசாரிச்சார். நானே குழம்பு வச்சேன். சத்தியமா நல்லா வந்துச்சு, மாடிப்படி வரைக்கும் வாசனை. தட்டுல போட்டுக்கிட்டு உட்கார்ந்தோம். உங்க மகள் ஒரு வாய் வச்சிட்டு, "அம்மா இருந்தா, 'எனக்குக் கொஞ்சம் போதும்'னு சொல்லிக்கிட்டே ஈரல் பூராவும் எடுத்திருப்பாங்க"ன்னு சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதுட்டா. எனக்கு என்ன ஆச்சுன்னா, வாயில கறி, மனசுல உங்க கத்திரிக்காய். நாப்பத்தாறு வயசுல கத்திரிக்காய்க்கு ஏங்குறேன், வெளியில சொல்லாதீங்க. ஈரலை ரெண்டு பேரும் தொடலை.

ஆகவே அத்தை, உங்களை வரச்சொல்லி இதை எழுதவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கத்திரிக்காயில் என்ன போடுவீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். இரண்டு மூன்று மாதம் அங்கேயே நிம்மதியாக இருங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னவர்களுக்கு என் ஆசி.

உங்கள் நலம் நாடும்,
மூத்த மாப்பிள்ளை

பி.கு.: தபாலில் போட்டால் மூன்று நாளாகும் என்று நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அரைமணி நேரமா சின்ன மாப்பிள்ளை வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். பெல் அடிக்கக் கை வரலை. உள்ளே நீங்க தாளிக்கிற சத்தம் கேட்குது. இதைக் கதவுக்கு அடியில தள்ளுறேன். அன்னைக்கு நான் பேசினது தப்பு. கோபம் ஆறியிருந்தா கதவைத் திறங்க. ஆறலைன்னாலும் திறங்க அத்தை, திட்டுறதை எதிர்ல நின்னே கேட்டுக்கிறேன்.