லீவரைத் தூக்கிடாதீங்க!

"ஹெலிகாப்டர் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குதும்மா" என்றார் போனில் பேசியவர், மூன்றாவது தடவையாக. "காலையிலேருந்து பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறேன். அசைய மாட்டேங்குது."

"கவலைப்படாதீங்க சார், ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்றாள் அவள்.

அதுதான் அவள் வேலை. வீட்டிலிருந்தபடியே விமானமும் ஹெலிகாப்டரும் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர்களை விற்கிற கம்பெனியில், வாங்கியவர்கள் போன் செய்தால் வழி சொல்லும் பிரிவில் ஆறு வருஷமாக இருந்தாள். ஆபீஸில் எல்லோரும் அவளைப் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவார்கள். பிளக்கையே சொருகாமல் நாற்பது நிமிஷம் சண்டை போட்ட ஒரு மனிதரிடம் கடைசி வரை குரல் உயராமல் பேசியதற்குக் கிடைத்த பட்டம் அது. நிஜ விமானத்தின் படிக்கட்டைக்கூட அவள் மிதித்ததில்லை. ஆனால் எந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"சார், பெட்டி மேல ஒரு நம்பர் இருக்கும். அதைக் கொஞ்சம் சொல்றீங்களா?"

"பெட்டி எதும்மா? லாரியில வந்து இறங்கினது. நாலு பேர் கயிறு கட்டித் தூக்கினாங்க. பையன் வாங்கி அனுப்பினான்."

பெரிய மாடல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் கணக்கு வாத்தியார், ரிட்டயர் ஆயிட்டேன்" என்றார் அவர். "நீங்க ஒண்ணொண்ணா சொல்லுங்க. சொன்னதைச் சொன்னபடி செய்வேன்."

"மேல சிவப்பா ஒரு ஸ்விட்ச் இருக்கும். பேட்டரி. போட்டிருக்கீங்களா?"

"அடடே! போடலையே!"

டக் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு ஹாரன் அலறியது. பொறுமை ஹெட்போனைப் பிடுங்கி எட்டப் பிடித்தாள்.

"என்னம்மா, இப்படிக் கத்துது!" என்று வாத்தியாரும் கத்தினார்.

"விசிறி சுத்தலைன்னா கத்தும் சார். சுத்த ஆரம்பிச்சா நின்னுடும். ஸ்டார்ட்டரை அமுக்குங்க."

அமுக்கினார். ஏதோ முக்கியது, முனகியது, படுத்துவிட்டது.

"தலைக்கு மேல ஒரு பிரேக் இருக்கும் சார். அதை எடுத்துவிட்டீங்களா?"

"நீங்க சொல்லலையே?"

எடுத்துவிட்டார். மறுபடி அமுக்கினார். இப்போது சத்தம் சீராக ஏறியது.

"இடது கையில ஒரு லீவர் இருக்கும். அதோட நுனியில முறுக்கற பிடி. எஞ்சின் வேகம் காட்டற முள் பன்னிரண்டுக்கு வந்ததும் லேசா முறுக்குங்க."

"முறுக்கிட்டேன்."

"பன்னிரண்டு வந்திடுச்சா?"

"இப்போ அஞ்சு."

"ஐயோ, அவசரப்பட்டுட்டீங்க சார்! சூடு எவ்வளவு காட்டுது?"

"முள் சிவப்புக்குள்ள போயிடுச்சும்மா. இன்னும் போய்க்கிட்டேதான் இருக்கு."

"பிடியைத் திருப்பி மூடுங்க! ஸ்டார்ட்டரை விடாதீங்க, அமுக்கியே பிடிங்க!"

சூடு இறங்கியது. இரண்டாவது முயற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பொறுமைக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. ஆனால் இரைச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. ஆறு வருஷத்தில் இப்படி ஒரு இரைச்சலை அவள் எந்த ஸ்பீக்கரிலும் கேட்டதில்லை. கூடவே பெருங்காற்றின் ஓசை. அதற்கும் பின்னால் ஒரு பெண்குரல், "என்னங்க! கொடியில காயற துணியெல்லாம் பறக்குதுங்க!" என்று அலறியது.

பொறுமை ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சார்... நீங்க எங்கே உட்கார்ந்திருக்கீங்க?"

"ஹெலிகாப்டர்லதான்."

"இல்ல சார், அந்த ஹெலிகாப்டர் எங்கே இருக்கு?"

"மொட்டை மாடியில. வேற எங்கே வைக்க முடியும்? வாசல் வழியா நுழையலையே."

"உங்க கம்ப்யூட்டர்?"

"அது கீழ் ரூம்ல இருக்கும்மா. அதுக்கும் இதுக்கும்..." மிச்சத்தை இரைச்சல் விழுங்கிவிட்டது.

அவள் எழுந்து நின்று கையை ஆட்டியதைப் பார்த்து மேற்பார்வையாளர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"நிஜ ஹெலிகாப்டரா? நம்ம நம்பரை அவருக்கு எந்தப் புண்ணியவான் கொடுத்தான்?"

"அதை அப்புறம் விசாரிக்கலாம் சார். எஞ்சினை நான்தான் ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கேன்!"

"அப்போ நீயே நிறுத்து!"

சொல்லிவிட்டு அவர் இன்னொரு போனை எடுத்துத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டார். "எங்கே எரியுது?" என்று கேட்டார்கள். "இன்னும் எரியலை" என்றார் இவர். போனை வைத்துவிட்டார்கள்.

பொறுமை மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். "சார், நான் சொல்றதைக் கவனமா கேளுங்க. நுனியில இருக்கிற பிடியை மட்டும் மூடுங்க. லீவரைத் தூக்கிடாதீங்க!"

"காத்துல சரியா கேட்கலை. லீவரை என்ன செய்ய?"

"தூக்கிடாதீங்க!"

"தூக்கிடவா? சரிம்மா."

"ஐயோ சார்!"

இரைச்சல் வேறு சுருதிக்கு மாறியது. பிறகு வாத்தியாரின் குரல், பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையின் குரலாக வந்தது.

"எழும்பிடுச்சும்மா!"

பொறுமை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் போன்களை வைத்துவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், கீழே என்ன தெரியுது?"

"ஒரு ஆறு தெரியுது."

"உங்க வீட்டுப் பக்கத்துல ஆறு இருக்கா?"

"இல்லையே. அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

"ரெண்டு நிமிஷத்துல ஊரையே தாண்டிட்டாரா!" என்று மேற்பார்வையாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அம்மா, பயங்கரமா குலுங்குதும்மா. பல்லெல்லாம் ஆடுது. நிறுத்துன்னாலும் நிற்க மாட்டேங்குது."

அந்த மனிதரின் குரலில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. அதைக் கேட்டதும் பொறுமையின் பயம் எங்கோ ஒதுங்கிக்கொண்டது. இனிமேல் இவருக்கு இந்த உலகத்தில் தன் குரலைத் தவிர வேறு பிடிமானம் இல்லை என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

"சார், வாத்தியார் சார். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் கூடவே இருக்கேன். ஆத்தங்கரையில காலி இடம் ஏதாவது தெரியுதா?"

"மணல் மாதிரி தெரியுது."

"அது போதும். வலது கைக் கம்பியை நேரா பிடிங்க. இறுக்காதீங்க. இடது லீவரை மெல்ல இறக்குங்க. தூங்கற குழந்தையைப் பாயில விடற மாதிரி."

"குழந்தை மாதிரி..."

"ஆமா சார். உயரம் சொல்லிக்கிட்டே வாங்க."

"எண்பது... அறுபது... நாற்பது..."

மேற்பார்வையாளர் தன் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இருபது... பத்து... அம்மா, தரை வேகமா வருதே!"

"கொஞ்சம் தூக்குங்க! இப்போ தூக்கணும் சார், தூக்குங்க!"

டமார் என்று ஒரு சத்தம். காற்று மட்டும் இரைந்தது.

"சார்? வாத்தியார் சார்?"

பொறுமையின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதை அவள் துடைக்கவில்லை. "சார், ஒரு வார்த்தை பேசுங்க சார்" என்றாள். மேற்பார்வையாளர் அவள் தோளில் கை வைத்தார்.

போனில் கரகரவென்று ஏதோ உரசியது. யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, துணி பறக்கிறதென்று அலறிய அதே பெண்குரல் வந்தது.

"ஏம்மா, பத்திரமா இறங்கிட்டோம்னு அவர் கீழே எல்லாருக்கும் சொல்ல ஓடிட்டார். இனிமேலாவது நான் அந்த நாலு ஃபேனையும் அணைச்சுட்டு, சீட்டைப் பிடிச்சு உலுக்கறதை நிறுத்திக்கலாமா? கீழ் ரூம் கம்ப்யூட்டர்லேருந்து ஒயர் இழுத்து ஓட்டற விளையாட்டுன்னாலும் நிஜம் மாதிரியே இருக்கணுமாம், தகர டிரம்மை வேற தட்டச் சொல்றார்!"