பொயிலர் அண்ணை எடுத்த ஆள்

லண்டன் மாநகரம் முழுவதிலும் இன்னொருவருக்கு வேலை கற்றுக்கொடுக்கத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கிங்ஸ்பரியில், குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் பொயிலர்களைப் பழுதுபார்த்தார்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் வீட்டு மாடியறையில் இரண்டு வருடம் குடியிருந்தவன் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாரிஸில் குழாய் முடுக்கி, லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். ஊருக்கே அவர் பொயிலர் அண்ணை.

2009 ஜனவரியில் ஒரு நாள் சமையலறையில் அறிவித்தார். "வேர்ச்சுவல் அசிஸ்டன்ட் ஒராளை எடுத்திருக்கிறன், தம்பி."

"அப்படின்னா?"

"வேலைக்கு வருவா. ஆனா வரமாட்டா."

செல்வி என்ற அந்தப் பெண் மதுரையில் தன் வீட்டிலிருந்தே, கணினி வழியாக அண்ணையின் போன் அழைப்புகளை எடுக்க வேண்டும். அண்ணையின் தலை பொயிலருக்குள் இருக்கும்போதுதான் போன் அடிக்கும். எடுக்க ஆளில்லாவிட்டால் வாடிக்கையாளர் வேறு ஆளிடம் போய்விடுவார். கடுங்குளிருக்கு முன் செல்வி தயாராக வேண்டும்; பத்து நாள்தான் இருந்தது.

நான் ஐ.டி.க்காரன். எங்கள் அலுவலகத்தில் புதியவருக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுப்பார்கள். முடிவில் அவருக்கு கேன்டீனுக்கு வழி தெரிந்திருக்கும். அண்ணையிடம் ஒரு தாள்கூட இல்லை.

முதல் நாள் போனில் நடந்த பாடம் இது. "தங்கச்சி, ஒரு கிண்ணத்தில ஐஸ் கட்டி எடுங்கோ. கையை அதுக்குள்ள வைச்சுக்கொண்டு உங்கட விலாசத்தைச் சொல்லுங்கோ."

"எதுக்குண்ணே?"

"சொல்லுங்கோவன்."

மூன்றாம் தடவை சொல்லும்போது செல்விக்குச் சொந்தத் தெருவின் பெயரே வாயில் வரவில்லை.

"விளங்குதோ? எங்களுக்கு போன் எடுக்கிற சனமெல்லாம் அந்தக் கிண்ணத்துக்குள்ளதான் இருக்குதுகள்."

மறுநாளிலிருந்து போனை இணைப்பிலேயே விட்டு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகப் போனார். எந்தப் பொயிலர் எப்படி முனகும் என்று செல்வி மதுரையிலிருந்தே காதால் கேட்டுப் பழகினாள். மாலையில் அவள் ஆசிரியை, அவர் ஒன்றும் தெரியாத மாணவர். அவள் தடுமாறிய இடத்தை மட்டும் மறுபடி சொல்லிக்கொடுப்பார். தெரிந்ததைத் திரும்பச் சொல்லி ஒரு நிமிடமும் வீணாக்கியதில்லை.

"தப்பு பண்ணிட்டேண்ணே" என்பாள்.

"பரவாயில்லை. நேற்று விட்ட பிழையை மட்டும் விடாதேங்கோ. இண்டைக்குப் புதுசா ஒண்டு விடுங்கோ."

பத்தாம் நாள் சொன்னார்: "இனி நான் எந்த வீட்டுக்கு முதல் போறதெண்டு நீங்கள்தான் சொல்லவேணும். நான் ஏனெண்டு கேக்கமாட்டன்."

சில நாளில் பனி கொட்டியது. பஸ் ஓடவில்லை. அண்ணை கருவிப்பையைத் தோளில் போட்டு நடந்தே போனார். நண்பகலில் எங்கள் வீட்டுப் பொயிலரே செத்துவிட்டது. அண்ணையின் எண்ணுக்கு போன் போட்டுக் கத்தினேன்.

"கேஸ் வாசனை வருதா? வீட்ல குழந்தை, வயசானவங்க இருக்காங்களா?" என்று கேட்டாள் செல்வி.

"இல்ல. நான் மட்டும்தான்."

"அப்ப நீங்க ஒன்பதாவது."

"இது அண்ணனோட சொந்த வீடும்மா."

"தெரியும்ண்ணே. நல்லா கத்துறீங்க, உடம்புல சூடு இருக்கு."

அண்ணையிடமே முறையிடுகிறேன் என்றேன். அவளே இணைப்பைக் கொடுத்தாள்.

"அவ ஒன்பதெண்டா ஒன்பதுதான்" என்றார் அண்ணை. பிறகு அவர் குரல் இறங்கியது. "முதல் வீட்டில ஒரு கிழவர், தம்பி. தனிய. 'அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ' எண்டு போனில சொன்னவராம். அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு நேரமெடுத்ததாம், செல்வி அதைக் கவனிச்சிருக்கிறா. நான் போகேக்கை அவருக்கு எழும்பிக் கதவு திறக்க ஏலேல்லை. பக்கத்து வீட்டிலதான் திறப்பு வாங்கிப் பூட்டைத் திறந்தனான். இப்ப தேத்தண்ணி குடிக்கிறார்."

கருவிகளைப் பைக்குள் போடும் சத்தம் கேட்டது. "நானெண்டா கத்தினவனிட்டைத்தான் முதல் ஓடியிருப்பன்."

இருட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் எங்கள் பொயிலரைச் சரிசெய்தார். பிறகு மதுரைக்கு போன் போட்டார்.

"ஒன்பதும் முடிஞ்சுது, செல்வி. நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

நான் லண்டனின் தென்கோடியில் உள்ள மோர்டனுக்குக் குடிபோய் வெகுகாலம் ஆகிறது. இங்கே ஹீட்டிங் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. ஆனாலும் குளிர் தொடங்கியதும் அண்ணைக்கு ஒரு போன் போடாமல் என்னால் இருக்க முடிவதில்லை.