ஏலக்காரரும் ஊர்பேர் தெரியாத கல்லும்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் எல்லாரும் தரையில் நடப்பார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் நடப்பார். கிழமையைச் சொல்லவில்லை, கிரகங்களைச் சொல்கிறேன். அந்த இரண்டுக்கும் நடுவில் சுற்றும் சிறுகோள்கள், அதாவது வானத்துக் கற்கள்தான் அவர் உலகம். அவர்தான் எங்கள் மண்டியின் ஏலக்காரர். சொந்தப் பேர் யாருக்கும் நினைவில்லை. ‘கல்லு’ என்றால் சேலம் வரைக்கும் தெரியும்.

நான் அங்கே பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் டிராக்டரிலிருந்து ஒரு பெட்டி சரிந்து கீழே இருந்த பெட்டியில் மோத, தக்காளி நாலாபக்கமும் சிதறியது. பொறுக்க ஓடினோம். கல்லு இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

“யாரும் தொடாதீங்க! அங்கயும் இப்படித்தாங்க. பெரிய கல்லு ஒண்ணு மேல இன்னொரு கல்லு வந்து மோதிச்சு. சிதறுன துண்டெல்லாம் ஒரே குடும்பம். கோடிக்கணக்கான வருசமா கிட்டத்தட்ட ஒரே பாதையில சூரியனைச் சுத்துதுங்க!”

“அது சுத்தட்டுங்க, எந் தக்காளி நசுங்குது!” என்று அலறினார் விவசாயி.

ஏலத்துக்கு நடுவிலும் வகுப்பு நடக்கும். “ஒரே குடும்பம்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?” என்று நான் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

“மூணு!” என்று கத்தினார் கல்லு. அதை ஏலம் என்று நினைத்து ஒரு வியாபாரி தலையாட்டிவிட்டார். “சூரியன்ல இருந்து எவ்ளோ தூரம், வட்டம் எவ்ளோ நீண்டிருக்கு, பாதை எவ்ளோ சாஞ்சிருக்கு. மூணும் ஒத்துப்போவணும். அப்புறம் நிறம் பாக்கணும். கூட்டத்துல வெளியாளும் கலந்திருக்குமுங்க.”

சாப்பாட்டு நேரத்தில் என் கம்ப்யூட்டர் அவருக்குத்தான். இரண்டு வருஷம் ஒரே ஒரு கல்லைத் துரத்தினார். “நம்ம குடும்பத்துப் புள்ளதாங்க இது!” என்று ஒரு வானியல் ஆய்வாளருக்கு மெயில் போட்டார். பதில் வருவதற்கு முன்னாலேயே மார்க்கெட் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்.

ஒரு மத்தியானம் பதில் வந்தது. நான்தான் உரக்கப் படித்தேன். பாதை ஒத்துப்போகிறதாம். ஆனால் நிறம் வேறாம். அந்தக் குடும்பத்துக் கல் இல்லை, வேறெங்கிருந்தோ வந்து கலந்தது என்று எழுதியிருந்தார்.

மனுஷன் நொறுங்கிவிடுவார் என்று பயந்தேன். கடைசி வரியை மறுபடி படிக்கச் சொன்னார். கண் நிறைந்திருந்தது.

“அப்ப அது யார் வூட்டுப் புள்ளைங்க? எத்தனை கூட்டத்தைத் தாண்டித் தனியா வந்துச்சோ!”

ஒரு கல்லும் கண்ணுக்குத் தெரியாத அந்த வெயில் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பெட்டி தூக்கியவர்கள், வியாபாரிகள், நான், எல்லாரும் பார்த்தோம். ஏலம் அரை மணி நேரம் நின்றது. ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

அந்த அரை மணி நேரம் இன்னொரு தடவை கிடைக்கும் என்றால், இன்றைக்கே லீவு போட்டுவிட்டுப் பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன். பக்கத்தில் கல்லு நிற்கவேண்டும், அவ்வளவுதான்.