கமலாட்சி அக்காவுக்கு ஒரு மௌன அஞ்சலி

மக்களே, நீங்கள் இரண்டு பேரும் ஃபோனில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நாட்டு அரசியலை அலசும்போது எனக்குச் சிரிப்பு வரும். திட்டமாட்டேன். (திட்டினால் உங்கள் அம்மை உடனே இந்தக் கதையை எடுத்துவிடுவாள்.) அவள் சொல்லும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் பாறசாலையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. குன்னத்துகாலில் உங்கள் அம்மையைப் பெண் பார்த்தோம். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுக்கும் அப்படித்தான் (இன்று மறுப்பாள்). அவள் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, அங்கே வாசகசாலைச் செயலாளர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பையன் வாசிப்பானா?"

"தலைவர்கள் வாழ்க்கை, அரசியல், சமூகம், எல்லாம் வாசிப்பேன்" என்றேன். (ஆட்டோ ஸ்டாண்டில் பேப்பரின் விளையாட்டுப் பக்கம் வாசிப்பேன்.)

"அப்பம் நல்லதாச்சு. வாற ஞாயிறு புத்தக சர்ச்சை உண்டு. நீயாக்கும் பேச்சு. கேட்டுட்டு பொறவு முடிவு சொல்லுதேன்" என்று ஒரு மலையாளப் புத்தகத்தைக் கையில் தந்தார். (சர்ச்சை என்றால் அங்கே சண்டை இல்லை, கலந்துரையாடல்.)

கமலாட்சி என்று ரப்பர் பால் வெட்டும் ஒரு பெண்ணின் வாழ்க்கை. ஊர் மலையைக் குவாரிக்காரர்கள் உடைக்க வந்தபோது குறுக்கே நின்றவர். அட்டையில் இரட்டைச் சடையோடு அவருடைய சின்ன வயதுப் படம். சவாரிக்குச் சவாரி எழுத்துக்கூட்டி வாசித்தேன். தடியடியில் மண்டை உடைந்து, நினைவில்லாத கமலாட்சியை ஜீப்பில் ஏற்றுகிற இடத்தில் எனக்கு நெய்யாற்றின்கரைக்கு ஒரு சவாரி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தவன், அதன்பின் புத்தகத்தைத் திறக்கவில்லை. வாழ்க்கை வரலாறு எழுதிவிட்டார்கள் என்றால் ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்பது என் சித்தாந்தம்.

ஞாயிற்றுக்கிழமை. வாசகசாலையில் உங்கள் அம்மை ஜன்னலோரம் இருந்தாள். யாருக்காவது அஞ்சலி செலுத்தாமல் நம் பக்கத்தில் கூட்டம் தொடங்குவதுண்டா? மைக்கைப் பிடித்தேன். குரலைத் தாழ்த்தினேன். "தியாகி கமலாட்சி அக்காவின் நினைவாக எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்."

யாரும் அசையவில்லை. பிறகு முன்வரிசையில் ஒரு நரைத்த அம்மா முழங்காலைப் பிடித்தபடி எழுந்து தலையைக் குனிந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். பலருக்குத் தோள் குலுங்கியது. (என் குரலுக்கு இவ்வளவு சக்தியா!)

உட்கார்ந்ததும் அந்த அம்மா கேட்டார்: "எலே மக்கா, என்னைய எங்க அடக்கினாவன்னு புத்தகத்தில உண்டா?"

சிரிப்பில் மேற்கூரைத் தகரம் அதிர்ந்தது. தாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

"எதுவரை வாசிச்ச?"

"ஜீப்பில ஏத்துனது வரை..."

"அதுக்குப் பொறவு பாதிப் புத்தகம் உண்டு கேட்டியா. என் மகளையும் பாதி வழியில இறக்கிவிடுவியோ?"

கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன். கமலாட்சி அக்காதான் குறுக்கே வந்தார். "விடும் அண்ணே. நான் செத்துட்டேன்னு வெசனப்பட்டவன் இவன் ஒருத்தனாக்கும். மிச்சத்தையும் வாசிச்சிட்டு வரட்டு. அடுத்த ஞாயிறும் நான் உயிரோட இருந்தா வந்து கேக்கேன்."

வந்தார். கேட்டார். உங்கள் அம்மை எனக்குக் கிடைத்தாள். இன்றும் நான் வீட்டுக்கு வரப் பிந்தினால், "பிள்ளைகளே எழும்புங்க, அப்பாவுக்கு ஒரு நிமிசம்" என்று அவள் உங்களை நிறுத்திவைப்பது இதனால்தான்.

அவளுக்கும் தெரியாத ஒன்று உண்டு. இரண்டாவது கூட்டத்துக்கு முந்தின நாள் காலை, கடைசிப் பக்கத்தையும் முடித்துவிட்டு, சவாரி ஏற்றாமல் அந்த மலையடிவாரத்துக்குப் போனேன். அதுவரை எத்தனையோ முறை அந்த வழியாக வண்டி ஓட்டியிருக்கிறேன், ஏறியதில்லை. அன்று ஏறினேன். உச்சியில், புத்தகத்தின் பின்பாதியில் சொன்னபடியே, வெடி வைக்கத் துளைத்து, வழக்கு வந்ததால் குவாரிக்காரர்கள் அப்படியே விட்டுப்போன குழி ஒன்று இருந்தது. உள்ளே மழைத் தண்ணீர். குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். அடி தட்டவில்லை. காக்கிச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.