அட்டை மட்டும் இருக்காம்

உலகத்தில் இதுவரை பிறந்த மனிதர்களில், விசாரிக்காமல் ஒரு அடிகூட எடுத்து வைக்காதவர் விசாரணை அண்ணை ஒருவர்தான். பிறக்கும்போதே "வெளியிலை மழையோ?" என்று மருத்துவிச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பார் என்று நாங்கள் சொல்வோம். நல்லூருக்குப் பக்கத்தில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடையில் அவர் சாரதி, நான் பில் எழுதுகிறவன். அவருடைய சொந்தப் பெயர் முதலாளிக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருமுறை முதலாளி குடும்பத்தைக் கீரிமலைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கொஞ்சத் தூரம்தான். ஆனால் அண்ணை முதல் நாளே கேணியடியில் கடலை விற்கும் அம்மாவுக்கு ஃபோன் போட்டார். றோட்டில் எத்தனை குழி, எந்த வளைவில் ஆடு படுத்திருக்கும், காற்று எந்தப் பக்கம் என்று முக்கால் மணித்தியாலம் கதைத்தார்.

"கடல் அங்கைதான் இருக்கோ எண்டும் கேட்டனீங்களோ, அண்ணை?" என்றேன்.

"ஓம் தம்பி. இருக்காம். கொஞ்சம் கொந்தளிப்பாம்."

சிரிப்போம். ஆனால் அவர் சொன்ன றோட்டு ஒருநாளும் பிழைத்ததில்லை. கொழும்புக்குப் போகும் லொறிக்காரர்கள்கூட அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்கள். வீடு வளவு என்று எதுவும் இல்லாத மனிதருக்கு அந்த நல்ல பெயர்தான் சொத்து.

இப்படியிருக்க, முதலாளிக்கு மலை ஆசை வந்தது. எங்களுக்குத் தெரிந்த மலை கீரிமலைதான்; அங்கே போய் மலையைத் தேடினால் கேணிதான் அகப்படும். நாலு சில்லும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றைத் திருத்தி, கண்டிக்கு அப்பால் மலைக்காட்டுப் பாதையில் ஓட்டியே தீருவேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அண்ணை இரண்டு கிழமை கொப்பியும் ஃபோனுமாகத் திரிந்தார். காட்டிலாகாக் கந்தோர், தோட்டத்து பஸ் சாரதி, மலைக்கு மறுபக்க அடிவாரத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் என்று எல்லாரையும் குடைந்தெடுத்தார். ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கா, இடுப்புக்கா? எதிரே வாகனம் வந்தால் எங்கே ஒதுங்கலாம்? சிக்னல் எந்த வளைவோடு போகும்?

தேத்தண்ணிக் கடைக்காரர் கடைசியில் ஒன்று சொன்னாராம்: "காட்டுப் பாதை நாளுக்கு நாள் மாறுங்க. ஏறுற அன்னிக்குக் காலையில எனக்கு ஒரு கோல் அடிங்க."

மலை ஏறுகிற அன்று காலை, முதலாளியும் அண்ணையும் நானுமாகச் சாப்பிடுவதற்கு வழியில் நிறுத்தினோம். அண்ணை ஜீப்புக்குக் கீழே படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். "தம்பி, அந்தக் கடைக்காரருக்கு ஒருக்கா எடுத்துக் கேள்" என்று நம்பரைத் தந்தார். அப்போது எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் பார்க்கட்டும் என்று, ஜீப்பில் சாய்ந்தபடி படம் பிடித்து முகநூலில் போடுவதில் நான் மும்முரமாக இருந்தேன். கடைக்காரருக்கு ஃபோன் போடவே இல்லை.

"கேட்டனியோ?"

"ஓம் அண்ணை. பாதை காய்ஞ்சு கிடக்காம்."

"மரம் கிரம் விழுந்து கிடக்கோ?"

"ஒண்டும் இல்லையாம்."

"அட்டை?"

ஏதாவது ஒன்று இருந்தால்தான் நம்புவார் என்று பட்டது. "அட்டை மட்டும் இருக்காம்" என்றேன். அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

முதல் நாள் பெய்த மழையில் பாதையில் பாதி பள்ளத்துக்குள் போயிருந்தது. மூன்றாவது வளைவில் ஜீப் சறுக்கி ஒரு மரத்தில் முட்டி நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம். ட்ராக்டர் வந்து இழுக்கும்வரை நாலு மணித்தியாலம் மழையில் குந்தியிருந்தோம். நான் சொன்னதில் அட்டை ஒன்றுதான் உண்மை. ஆளுக்கு நாற்பது ஏறி இரத்தம் குடித்தன.

"உம்மடை விசாரணையைக் கொண்டுபோய் அடுப்புக்குள்ளை போடும்!" என்று முதலாளி கத்தினார். "எங்களைக் கொல்லப் பாத்தீரே, ஐசே!"

"பிழை என்ரைதான் முதலாளி. நான் வடிவா விசாரிக்கேல்லை" என்றார் அண்ணை.

நான் பக்கத்தில் குனிந்து அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

ஊருக்குத் திரும்பியதும் அவர் 'அட்டை அண்ணை' ஆனார். லொறிக்காரர்கள் கேட்பதை நிறுத்தினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கதையைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நடித்து நடித்துச் சொன்னவன் நான்தான். அவரும் கூடச் சிரிப்பார்.

ஒரு நாள் வல்வெட்டித்துறைச் சாரதி ஒருவர், விஷயம் தெரியாமல், "வன்னிப் பக்கம் றோட்டிலை வெள்ளமோ அண்ணை?" என்று கேட்டார்.

"என்னைக் கேளாதேங்கோ. எனக்கு உது சரிவராது" என்றார் அண்ணை.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரே ஸ்டோருக்குள் போய் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தெரியும்" என்றார், ரயர்களை அடுக்கிக்கொண்டே. "வந்த மற்ற நாளே கடைக்காரரோடை கதைச்சனான். பாதை உடைஞ்சதைச் சொல்ல, மனுசன் விடியத் தொடக்கம் ஃபோனடியிலையே இருந்ததாம். எங்களிட்டையிருந்து ஒரு கோலும் வரேல்லையாம்."

"பிறகேன் அண்ணை பேசாமல் இருந்தனீங்கள்?"

"சொல்லியிருந்தால் முதலாளி உன்னை அண்டைக்கே வேலையாலை நிப்பாட்டியிருப்பார். கலியாணப் பேச்சும் அதோடை சரி." ஒரு ரயரைத் தட்டிப் பார்த்தார். "பொம்பிளையின்ரை தமையன் போன கிழமை வந்தவர். நீ எப்பிடி ஆள் எண்டு என்னட்டைத்தான் கேட்டவர்."

"என்ன சொன்னனீங்கள்?"

"நல்ல பெடியன், நம்பிக் குடுங்கோ எண்டன்."

"ஐயோ அண்ணை! இவ்வளவும் தெரிஞ்சுகொண்டோ?"

"நான் விசாரிக்காமலோ சொல்லுவன்?"

அடுத்த நாள் முதலாளியிடமும் லொறிக்காரர்களிடமும் நானே போய் உண்மையைச் சொன்னேன். வாங்கிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது. வேலை எப்படியோ தப்பியது. லொறிக்காரர்கள் ஒவ்வொருவராக அவரிடம் திரும்பி வந்தார்கள். பெண் வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை, தைரியம் வரவில்லை.

அந்தப் பெண்தான் என் மனைவி; அவளுக்கு இன்றுவரை இது தெரியாது. இந்தக் கிழமைப் பத்திரிகையில் இதை வாசிப்பாள். வாசித்ததும், என்னை விட்டுவிட்டு, நேரே அண்ணைக்குத்தான் ஃபோன் எடுப்பாள். என்னைப் பற்றி அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தால்தான் எனக்குத் தலை நிமிரவில்லை.