டார்ச் லைட்டுக்கு உறை

ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே வளர்ந்து, தான் போகும் இடத்தை ஒருமுறைகூட உண்மையாகச் சொல்லாத ஒரே மனுஷி ஐஸ் அக்காதான். ரேஷன் கடைக்குப் புறப்பட்டால் பெரம்பூரில் வளைகாப்பு என்பார். பெரம்பூரில் உண்மையாகவே வளைகாப்பு இருந்தால் பல் பிடுங்கப் போவதாகச் சொல்வார். சென்ற வாரம்கூட மாத்திரை வாங்கப் போனவர், பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றப் போகிறேன் என்று தெருவுக்கே அறிவித்துவிட்டுத்தான் போனார்.

கல்மண்டபத்தில் எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் அவரிடம் யாரும் போகுமிடம் கேட்பதில்லை. அக்கா ஏறி உட்கார்ந்து "திருவொற்றியூர்" என்பார். ஓட்டுநர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்புவார். பிறகு அக்காவின் கை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் திரும்புவார். பெரும்பாலும் திருவொற்றியூருக்கு நேர் எதிர்த் திசையில் போய் நிற்கும்.

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுவது அவர் தொழில். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. ஐஸ் அரைக்கும் மிஷினுக்கு மேலே பேசிப் பழகிய குரல். மற்றவர்கள் பொய்யை மெதுவாகச் சொல்வார்கள். அக்கா மூன்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்வார்.

ஒருமுறை கொழுந்தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் புறப்பட்டவர், எண்ணூரில் ஒரு சாவு என்று சொல்லிவிட்டார். துறைமுகத்து ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள். மீன் வேனில் மாலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணூர் முழுவதும் சாவு வீட்டைத் தேடியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு தெருவில் பந்தலைப் பார்த்து, இறங்கி, மாலையைப் போடப் போனால் அது காதுகுத்து. மறுநாள் அவர்கள் வந்து சண்டை போட்டபோது அக்கா கொஞ்சமும் கலங்கவில்லை.

"பாத்தியா, அத்தொட்டுதான் நிச்சயம் அவ்ளோ ஷோக்கா நடந்துச்சு!"

எனக்குப் பத்திரிகை அலுவலகத்தில் வேலை. ஒரு ஆள் ஏன் இப்படி என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பேப்பரு," என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "கடலுக்குப் போறவன எங்க போறன்னு எவனாச்சும் கேப்பானா? ஏன் கேக்க மாட்டான்? போற எடத்த வாய் உட்டு சொல்லிட்டா, நமக்கு முன்னாடி கண்ணு போய் அங்க குந்திக்கும். நீ வேற எடத்த சொல்லிட்டுப் போ. அது அங்க குந்திகினு ஈ ஓட்டட்டும்."

"கண்ணுக்குக் காது கேக்குமாக்கா?"

"கேக்காமதான் இத்தினி பேரு பேஜாராயி நிக்கறானா?"

அதற்குப் பிறகு அவருடைய பொய்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவை வாய்க்கு வந்தபடி சொல்பவை அல்ல. நல்ல காரியத்துக்குப் போகும்போது கெட்ட இடத்தைச் சொல்வார். பயமான இடத்துக்குப் போகும்போது சந்தோஷமான இடத்தைச் சொல்வார். கரண்ட் ஆபீஸுக்குப் போன அன்று மெரினா என்றார். எவ்வளவு பெரிய பயமோ, அவ்வளவு பெரிய கொண்டாட்டம்.

இந்த விதி எங்கள் வீட்டுக்கே ஒருநாள் தேவைப்பட்டது.

என் மனைவி கலா இரண்டாம் முறை கர்ப்பமாக இருந்தாள். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்கவில்லை. அப்போது ஆசை ஆசையாகக் கட்டிவைத்திருந்த பை ஆஸ்பத்திரிக்குப் போய், திறக்கப்படாமலே திரும்பி வந்தது. அதை வீட்டில் பிரித்தவள் அவள்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த முறை வளைகாப்பு வேண்டாம் என்றாள். யாரிடமும் தேதி சொல்ல வேண்டாம் என்றாள். ஒன்பதாம் மாதம் டாக்டரம்மா, "எப்ப வேணா வலி வரலாம். பையைக் கட்டித் தயாரா வச்சுக்கோங்க" என்றபோது தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேச்சே எழவில்லை.

நான் பரணிலிருந்து பையை இறக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பி வந்தால் பை பரணில் இருக்கும். மறுபடி இறக்குவேன். மறுபடி ஏறிவிடும். நிறைமாதத்தில் அவள் ஸ்டூல் போட்டு ஏறுகிறாள் என்பது பிறகுதான் புரிந்தது. நேராகக் காசிமேட்டுக்குப் போய் ஐஸ் அக்காவிடம் சொன்னேன். அக்கா ஐஸ் கட்டியை உடைப்பதை நிறுத்தவில்லை. "கம்னு வூட்டுக்குப் போ" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் அந்தக் குரல் கேட்டது.

"கலா! நான் வேளாங்கண்ணி போறேன். பை இல்ல. உன்துல ஒண்ணு குடு!"

கலா சிரமப்பட்டு எழுந்தாள். "பரண்ல இருக்குக்கா. அவரை எடுத்துத் தரச் சொல்றேன்" என்றாள். இத்தனை நாளாக நான் பட்ட பாடு ஒரு நொடியில் கீழே இறங்கியது.

அக்கா தரையில் சம்மணம் போட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நைட்டி ரெண்டு குடு. முன்னாடி ஜிப்பு வச்சது."

"என் நைட்டி உங்களுக்குப் பத்தாதுக்கா."

"பஸ்ஸுல எவன் பாக்கப் போறான்? குடுன்னா குடு. பழைய வேட்டி கீதா? மெத்துனு தோய்ச்சது. கியிச்சு கியிச்சுக் குடு."

"வேட்டி எதுக்கு?"

"மெயுகு ஒழுகும். தொடைக்கணும்."

கலா அக்காவைப் பார்த்தாள். பிறந்த பிள்ளையை முதலில் பழைய வேட்டித் துணியில்தான் சுற்றுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பீரோவைத் திறந்தாள்.

பிளாஸ்க், வழியில் டீ குடிக்க. பிளாஸ்டிக் குவளை, கடலில் கால் கழுவ. பஞ்சுக் கட்டு, கடற்காற்று காதில் போகாமல் இருக்க. ஸ்கேன் ரிப்போர்ட் ஃபைல்? "மாதா படிக்கட்டும், எங்கூர் டாக்டரு இன்னா எய்தியிருக்குதுன்னு." அக்கா கூசாமல் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். பெட்டியில் இறாலையும் ஐஸையும் மாற்றி மாற்றி அடுக்குகிற அதே வேகம்.

கடைசியாகத் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். யார் வீட்டுப் பிள்ளையோ போட்டுக் கழித்த குல்லாய் ஒன்று, துவைத்து வெளுத்தது. ஒரு ஜோடி காலுறை, என் கட்டைவிரல் அளவு.

கலாவின் முகம் மாறியது. பழைய பை அவள் கண்ணுக்குள் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவள் அந்தக் குல்லாயைக் காட்டிக் கேட்டாள்.

"இது எதுக்குக்கா?"

அக்கா அதை விரல் நுனியில் மாட்டி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"டார்ச் லைட்டுக்கு ஒறை."

கலா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவள், காலுறைகளைத் தானே எடுத்தாள்.

"இதுல ஒண்ணு உப்புக்கு, ஒண்ணு மிளகாப்பொடிக்கு. மாங்கா தின்ன வேணாமா?" என்று சொல்லிப் பையில் வைத்தாள்.

"இப்போதான் நீ நம்ம ஆளு," என்றார் அக்கா. ஜிப்பை இழுத்து மூடினார். "பஸ்ஸு இன்னும் புக் பண்ல. அதுவரிக்கும் பை இங்கயே கெடக்கட்டும்."

இதில் அக்கா ஒன்றை யோசிக்கவில்லை. அவர் பேச்சைத் தெரு நம்பாது. கலாவின் பேச்சை நம்பும்.

பாத்திரக்கடை அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மறுநாளே விசாரிக்க வந்துவிட்டார். "அக்கா வேளாங்கண்ணி போறாகளாம்லா? நெசமாம்மா?"

"ஆமா அண்ணாச்சி. பைகூடக் கட்டியாச்சு," என்றாள் கலா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி ஒரு மெழுகுவர்த்தியோடு வந்தார். சாதாரண மெழுகுவர்த்தி அல்ல, ஆள் உயரம். மகன் தவழ்ந்த காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டபோது, பிள்ளையின் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டாராம். கடையை விட்டுப் போக வாய்க்கவில்லை.

"இப்பம் பயலுக்கு மீசை மொளச்சுட்டு. அவன் வளர வளர நேர்ச்சையும் கூடவே வளருது பாத்துக்கிடுங்க. இந்த வருசமாவது ஏத்திரணும். இல்லன்னா மெழுகுவர்த்திய லாரியிலதான் கொண்டு போவணும்."

வேண்டாம் என்று சொன்னால் வேளாங்கண்ணி பொய் என்றாகிவிடும். பையின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து, மெழுகுவர்த்தியின் அடிப்பாகத்தை உள்ளே சொருகி வைத்தோம். மீதி கொடிமரம்போல் வெளியே நின்றது.

வலி வந்தது ஒரு நண்பகலில். போன் செய்ததும் அக்கா துறைமுகத்திலிருந்து ஆட்டோவோடு வந்தார், சட்டையில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட. நான் பதற்றத்தில் முதல் வேலையாக மெழுகுவர்த்தியைப் பிடுங்கப் போனேன்.

"அத்த எடுக்காத!" மூன்று தெருவுக்கும் கேட்டது. "அத்த எடுத்தா இது இன்னா பைன்னு தெரிஞ்சிடும்!"

எனவே மெழுகுவர்த்தியும் வந்தது. ஆட்டோவின் ஒரு பக்கம் அது நீட்டிக்கொண்டிருந்தது, மறுபக்கம் என் கால். துறைமுகச் சாலையில் வழக்கம்போலக் கன்டெய்னர் லாரிகள் ரயில்போல் நின்றிருந்தன. ஒரு ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். மெழுகுவர்த்தியைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்ன ஏது என்று கேட்காமல் வண்டியை ஒதுக்கினார்.

ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி கையை நீட்டினார். "எங்கம்மா போறீங்க?"

"வேளாங்கண்ணி," என்றார் அக்கா.

அவர் கலாவைப் பார்த்தார். அவள் என் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். மெழுகுவர்த்தியைப் பார்த்தார்.

"நேரா போயி ரைட்டு. லிஃப்டு பக்கத்துல," என்றார்.

கலாவை உள்ளே கொண்டுபோனார்கள். ஐஸ் மிஷினையே அடக்கும் அக்கா அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பையைக் காலுக்கிடையில் வைத்து, மெழுகுவர்த்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்து, "குழந்தைக்குத் துணி எங்க? சீக்கிரம்!" என்றார்.

நான் பையைத் திறந்தேன். மூளை வேலை செய்யவில்லை. "சிஸ்டர், இந்தாங்க, மெழுகு தொடைக்கிற துணி," என்றேன். "அப்புறம் இது, டார்ச் லைட்டுக்கு..."

நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பொண்ணு. நீங்க கொஞ்சம் உக்காருங்க," என்றார்.

கதவு மூடியது. அக்கா மெழுகுவர்த்தியை மெதுவாக உருவி எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"இனிமே சொல்லிக்கோ பேப்பரு," என்றார். "இது ஆஸ்பத்திரிப் பை."

அவ்வளவு மெல்லிய குரல் அக்காவிடம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்த கோடையில் வாக்கைக் காப்பாற்ற எல்லோருமாக வேளாங்கண்ணி போனோம், அண்ணாச்சியின் மகன் உட்பட. புறப்படும் முன் அக்கா தெருவில் சொன்னது: "ஆஸ்பத்திரி. எல்லாருக்கும் வாந்தி பேதி." திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் வைத்துவிட்டுப் போன ரொட்டியும் இளநீரும் குவிந்து கிடந்தன. கோயிலில் ஒரே ஒரு சிக்கல் வந்தது. அந்த ஒரு வருடத்தில் பையன் மெழுகுவர்த்தியைவிட ஒரு சாண் வளர்ந்துவிட்டான். கடையை விட்டு வர முடியாத அண்ணாச்சி போனில் தவித்தார். அக்கா பையனின் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"நைனா, மாதாவுக்கு முன்னாடி குனிஞ்சு நில்லு. தோ, சரியா கீது."

இந்த வருடம் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. அடைப்பு, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார்கள். தனி ஆள். தேதி நெருங்கியும் ஒரு துணியைக்கூட எடுத்து வைக்கவில்லை. தினமும் ஐஸ் உடைக்கப் போய்க்கொண்டிருந்தார். யார் பேச்சும் எடுபடவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை கலா அவர் வாசலில் போய் நின்றாள். அவளுக்கும் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

"அக்கா! நாங்க வேளாங்கண்ணி போறோம். உங்க நைட்டி ரெண்டு குடுங்க!"

உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஆட்டோவில் அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். மடியில் அதே பை. ஓட்டுநர் எதுவும் கேட்கவில்லை. அக்காவின் கை எந்தப் பக்கமும் நீளவில்லை. கல்மண்டபம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். வாழ்நாளில் யாரிடமும் கேட்காததைக் கேட்டார்.

"பேப்பரு, எங்கடா போறோம்?"

"வேளாங்கண்ணிக்குக்கா," என்றேன்.

அக்கா பையைத் தடவிப் பார்த்தார். "மெயுவத்தி எடுத்து வச்சியா?"

எடுத்து வைத்திருந்தேன்.