அபூ குதைபாவுக்குக் கண்ணு தெரியல

ஊரே அபூ குதைபா, அதாவது குதைபாவோட அப்பான்னு கூப்பிடுற தைஸீர், காலையில பல்லு விளக்கிக்கிட்டு இருக்கும்போதே முடிவு பண்ணிட்டான்: இன்னையிலேர்ந்து தனக்குக் கண்ணு தெரியாது.

கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. கோளாறெல்லாம் அடுப்படியில. அவன் பொண்டாட்டி இன்ஸாஃப் பதினெட்டு வருஷமா அங்கேர்ந்துதான் ஜோர்டான்ல இருக்குற இர்பித் ஊர்ல பாதிக் கல்யாணத்துக்குச் சமைச்சு அனுப்புறா. அவ செய்யுற ஃப்ரீக்காவுக்காகவே கல்யாணத் தேதியைத் தள்ளி வச்சவங்க உண்டு. ஃப்ரீக்கா வேற ஒண்ணுமில்ல, பச்சையிலேயே அறுத்து, வயல்லயே நெருப்புல வாட்டின கோதுமை. வாசனை தெருமுனை வரைக்கும் வரும். கூடவே வயக்காட்டுக் கல்லும் வரும். ஒவ்வொண்ணா உக்காந்து பொறுக்கணும்.

தண்ணி மீட்டர் ரீடிங் எடுக்குற வேலையிலேர்ந்து தைஸீர் ரிட்டயர் ஆனான். மறுநாளே அவன் மடியில ஒரு தாம்பாளம் வந்து உக்காந்துச்சு. இருபத்தெட்டு வருஷம் உழைச்சவனுக்கு ஓய்வு வேணுமாம். சரி, வேணும்தான். இன்ஸாஃப் எப்ப ரிட்டயர் ஆகுறா? அதைக் கேக்கத்தான் அந்த ஊர்ல ஒரு நாதி இல்ல.

அவனுக்கு வேற கவலை. சந்தைக்குப் பின்னால ஒரு காப்பிக் கடை, அவன் வண்டியிலதான் போவான். தினம் மூணு மணிக்கு அங்க நாலு பேர் சீட்டாடுவாங்க. இந்த ஃப்ரீக்காவால வாரத்துல மூணு நாள் தைஸீர் லேட்டு.

"இன்னொரு நாள் லேட்டா வா, உன் நாற்காலியில என் மச்சானை உக்கார வைக்கிறேன்"னு கூட்டாளி நாஜிஹ் சொல்லிட்டான்.

அந்த நாற்காலி போச்சுன்னா தைஸீருக்கு வாழ்க்கையே போச்சு. அதுக்காகக் கண்ணைத் தியாகம் பண்றது ஒரு பெரிய விஷயமா?

அன்னைக்கு மூணு கல்லைக் கண்ணால பாத்தும் தாம்பாளத்துலேயே விட்டான். மறுநாள் ஒரு நீதிபதியோட மாமியார் அதுல ஒண்ணைக் கடிச்சாங்க, மத்த ரெண்டும் தட்டுல கிடந்துச்சு. பல்லு தப்பிச்சுது. இன்ஸாஃபோட பேரு தப்பிக்கல.

"மூணு கல்லுங்க! ஒவ்வொண்ணும் கொண்டைக்கடலை சைஸு! நாலு மேஜை தள்ளி இருந்தவங்களுக்கெல்லாம் கடக்குனு சத்தம் கேட்டுச்சாம்!"

"எனக்குத் தெரியலையே இன்ஸாஃப். எல்லாம் புகை மூட்டமா இருக்கு."

"எது?"

"கண்ணுதான். வயசாகுதுல்ல? இனிமே இந்தக் கல்லு பொறுக்குற வேலையெல்லாம்..."

"நேத்து எதிர் மாடியில காயப்போட்ட சட்டையில பொத்தான் இல்லைன்னு சொன்னீங்களே?"

"அது நேத்து."

இடி விழும்னு தோளைக் குறுக்கிக்கிட்டு உக்காந்திருந்தான். விழல. இன்ஸாஃப் பக்கத்துல வந்து உக்காந்து, அவன் தாடையைப் பிடிச்சு, கண்ணை உத்துப் பாத்தா.

"ஐயோ பாவம். புதன்கிழமையே கண்ணைக் காட்டிருவோம்."

வேலை இவ்வளவு சுலபமா முடியும்னு அவனே நெனைக்கல. ராணியை எதிர்பாத்தவனுக்கு ஜோக்கர் கிடைச்ச மாதிரி.

புதன்கிழமை கிளம்புறப்ப பாத்தா, இன்ஸாஃப் கையில ஒரு பை. அவன் சாப்பிடுற பிரஷர் மாத்திரை அட்டை, பழைய வெயில் கண்ணாடி, ஒரு நோட்டு, ஒரு பிளாஸ்டிக் கவர்.

"எதுக்கு இவ்வளவும்?"

"போறதே ஒரு தடவை. கேக்குறதுக்கெல்லாம் பதில் கையில இருக்கணும். மறந்துட்டேன், வீட்டுல இருக்குன்னு சொல்லிட்டுத் திரும்பி வர நான் என்ன ஆம்பளையா?"

கண்ணாடிக் கடையில கண் பாக்குற பொண்ணு லுஜைன். நாலு வருஷம் இதுக்குன்னே படிச்சிட்டு வந்தவ. அவ வாயைத் திறக்குறதுக்குள்ள இன்ஸாஃப் நோட்டைத் திறந்தா.

"எழுதிக்கம்மா. ஞாயித்துக்கிழமை, ஃப்ரீக்காவுல மூணு கல்லு தெரியல. திங்கக்கிழமை, குப்பைப் பை கதவுகிட்டதான் இருந்துச்சு, தெரியல, தாண்டிப் போனாரு. செவ்வாய்க்கிழமை, எங்க அக்கா வந்து அரை மணி நேரம் எதிர்ல உக்காந்திருந்தா, தெரியல."

தைஸீருக்கு நெஞ்சு நெகிழ்ந்துருச்சு. இவ்வளவு அருமையான சாட்சி எந்தக் கேஸுக்குக் கிடைக்கும்?

தாடையை வச்சுப் பாக்குற மெஷின்ல லுஜைன் பாத்தா. நெத்தியைச் சுருக்கினா. அப்புறம் சுவத்துப் பலகையைக் காட்டினா. மேலேர்ந்து கீழ வரைக்கும் வளையங்கள். ஒவ்வொரு வளையத்துலேயும் ஒரு பக்கம் ஒரு வெட்டு.

"வெட்டு எந்தப் பக்கம்னு கையால காட்டுங்க மாமா. மொதல் வளையம்."

மொதல் வளையம் ரொட்டி சைஸுல இருந்துச்சு.

"எந்தப் பலகைம்மா?"

"சுவத்துல, மாமா."

"எந்தச் சுவரு?"

லுஜைன் இன்ஸாஃபைப் பாத்தா. "மாமி, மெஷின் வேற மாதிரி சொல்லுதே..."

"மெஷினுக்கு என்னம்மா தெரியும்? கண்ணு என்னுது!"ன்னான் தைஸீர்.

"மாமா சொல்றதை அப்படியே எழுது. முத்திரையும் குத்திரு"ன்னா இன்ஸாஃப். "சரி, வந்ததோட வந்ததா இதையும் முடிச்சிருவோம்." பிளாஸ்டிக் கவர்லேர்ந்து ஒரு பாரத்தை எடுத்து மேஜை மேல வச்சா. "இவரு வண்டி லைசன்ஸைப் புதுப்பிக்கணும். கண் பரிசோதனை நீங்கதானே பண்ணி அனுப்புவீங்க? ரெண்டுக்கும் ஒரே சோதனைதானே."

தைஸீர் நாற்காலியில நிமிந்தான்.

"லைசன்ஸா? இப்ப என்ன அவசரம்?"

"பர்ஸ்ல இருக்குமே, எடுங்க. தேதியைப் படிங்க."

எடுத்தான். கண்ணுக்குக் கிட்ட வச்சான், தள்ளி வச்சான். நடிக்க வேண்டிய அவசியமே வரல, அந்தப் பொடி எழுத்து நிஜமாவே எறும்பு மாதிரி ஊர்ந்துச்சு. இருந்த பதட்டத்துல அதை அவன் கவனிக்கல.

"தெரியலையே."

"ஐயோ பாவம்." இன்ஸாஃப் அதை வாங்கிப் பாத்தா. "வர்ற செவ்வாயோட முடியுது."

லைசன்ஸைத் தன் பையில போட்டுக்கிட்டா. லுஜைன் பேனாவை மூடினா.

"மன்னிச்சிருங்க மாமா. மொத வளையமே தெரியாதவருக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. நீங்க ஓட்டுனா ரோட்டுல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க."

"பரவால்லம்மா"ன்னா இன்ஸாஃப். "வண்டியை எங்க அண்ணன் மகனுக்குக் குடுத்துடலாம். ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கான்."

காப்பிக் கடை இருக்குறது ஊரோட அந்தக் கோடி, பஸ்ஸும் போகாது. வண்டி இல்லாம மூணு மணிக்குப் போய்ச் சேரணும்னா ஒரு மணிக்கே நடக்கணும்.

"இரும்மா! இன்னொரு தடவை பாக்குறேன். அப்ப வெளிச்சம் சரியில்ல."

"வெளிச்சம் அதேதான், மாமா."

"எனக்கு இப்பத்தான் வெளிச்சம் வந்துச்சு, காட்டு!"

மேலே, கீழே, வலது, இடது, வலது, மேலே. லுஜைன் குச்சியை நகத்துறதுக்கு முன்னாலேயே கை போச்சு. கடைசி வரியும் முடிஞ்சுது. கை நிக்கல. ஜன்னலுக்கு வெளியில போன பஸ்ஸோட நம்பரைப் படிச்சான். எதிர்க் கடை மாடியில உக்காந்திருந்த பூனைக்கு ஒரு காதுல அடிபட்டிருக்குன்னான்.

"மாஷா அல்லாஹ்!"ன்னா இன்ஸாஃப். "இதையும் எழுது. இதுக்கும் முத்திரை. ரெண்டு பிரதி குடும்மா, ஒண்ணு பிரிட்ஜ் மேல ஒட்டணும்."

"தூரப்பார்வை கழுகு மாதிரி இருக்கு, மாமா. கிட்டப் பாக்குறதுதான் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். ஒரு சின்னக் கண்ணாடி போட்டா எறும்போட முழங்கால் கூடத் தெரியும்."

"கல்லு?"ன்னா இன்ஸாஃப்.

"கல்லு தெரியாம இருக்குமா மாமி!"

தைஸீருக்கு நிஜமாவே ஒரு குறை இருந்திருக்கு. உண்மையைச் சொல்லிக்கிட்டு வந்திருந்தாலே பாதி ஜெயிச்சிருப்பான். அது அவனுக்கே தெரியாம, தெரிஞ்ச கல்லைத் தெரியாத மாதிரி நடிச்சு, இருந்த நல்ல காரணத்தையும் கையோட கெடுத்துக்கிட்டான். இன்ஸாஃபோ ஒரே நடையில கண்ணை அளந்துட்டா, பாரத்தை முடிச்சுட்டா, மாத்திரை அட்டையைக் காட்டி அது கண்ணுக்கு ஆகுமான்னும் கேட்டுக்கிட்டா, வெயில் கண்ணாடியில உடைஞ்ச திருகாணிக்குப் பதிலா புதுசு ஒண்ணை இனாமாப் போட்டு வாங்கிக்கிட்டா. இவளை மந்திரி ஆக்காத நாடு உருப்படுமா?

அரை மணி நேரத்துல கண்ணாடி ரெடி. லுஜைன் அவன் மூக்கு மேல மாட்டி, காதுப் பக்கம் வளைச்சு விட்டா.

"பொடி எழுத்தா ஏதாவது படிச்சுப் பாருங்க, மாமா."

இன்ஸாஃப் பையில கையை விட்டு அவன் லைசன்ஸை எடுத்து நீட்டினா. எறும்பெல்லாம் இப்ப வரிசையா நின்னுச்சு. பேரு படிச்சான். ஊரு படிச்சான். தேதியைப் படிச்சான். மறுபடியும் படிச்சான். முடியுறதுக்கு இன்னும் ஆறு வருஷம் இருந்துச்சு.

தலையைத் தூக்கினான்.

"நல்லாத் தெரியுதுங்களா?"ன்னா இன்ஸாஃப்.